லஸ் பக்கம் புது ‘பூட்டிக்’ ஃப்ளாட், 640 சதுர அடிக்கு 38,000 வாடகை: நம்பி அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

நாவலூர் வித்யா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அம்மாவும் ஆறு வருடமாக நாவலூரில் ஒரு பெரிய கேட்டட் கம்யூனிட்டியில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பெட்ரூம், 1,100 சதுர அடி, மெயின்டனன்ஸ் சேர்த்து 24,000. வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு 68 வயது, போன வருடம் வலது முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் நடப்பதெல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே வட்டம் வட்டமாகத்தான். கேட்டைத் தாண்டினால் ஓ.எம்.ஆர். என்கிற பெரிய நெடுஞ்சாலை. ஒரு முழம் பூ வேண்டுமென்றாலும் போனில் ஆர்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஆபீஸிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “உன்னைத் தவிர வேற மனுஷாகிட்ட பேசி நாலு நாளாச்சு” என்றார். புகாராகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர். அதனால் லஸ் கார்னரிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் புதுக் கட்டடம் ஒன்றைப் பார்த்தோம். பழைய தனி வீட்டை இடித்துக் கட்டியது, மொத்தம் எட்டே வீடு, வாசலில் ‘பூட்டிக் ரெசிடென்சஸ்’ என்று பலகை. ஆத்தங்குடி டைல்ஸ், பூசாமல் விட்ட மாதிரி சிமென்ட் சுவர், மொட்டை மாடியில் செடிகள், லிஃப்ட், கீழே ஸ்டில்ட்டில் (தூண்கள் மட்டும் உள்ள தரைத்தளம்) கார் பார்க்கிங். ஒரு பெட்ரூம் வீடு 640 சதுர அடி, 38,000, மெயின்டனன்ஸ் தனியாக 4,000, அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 3,80,000. என் ஆபீஸ் தரமணி பக்கம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூர் ஆறாவது ஸ்டேஷன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. காரை விற்றுவிட்டால் லோன், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 15,000 மிச்சமாகும். ஆக, கூடுதல் செலவு 3,000தான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது இரண்டு விஷயம். “எல்லாம் நடக்கிற தூரம் மேடம்” என்று புரோக்கர் சொல்வது அம்மா மாதிரி ஒருவருக்கும் பொருந்துமா? அப்புறம், இப்படி ஏழெட்டு வீடு மட்டும் இருக்கிற புதுக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தெப்பக்குளம்_65:

வித்யா, நான் 1988-லிருந்து கபாலீஸ்வரர் கோயிலின் வடக்கு மாட வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். உங்கள் அம்மாவை விட இரண்டு வயது பெரியவன். நேராகச் சொல்கிறேன். நீங்கள் அந்த 38,000-ஐக் கொடுக்கப்போவது வீட்டுக்கு இல்லை, தெருவுக்கு. அதனால் வீட்டைப் பார்த்த மாதிரி தெருவையும் பாருங்கள். புரோக்கர்கள் எப்போதும் காலை பதினொரு மணிக்குத்தான் வீடு காட்டுவார்கள், அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் ஆறரைக்கு வாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. முடிந்தால் ஒரு பிரதோஷத்தன்று. நீங்கள் நடந்து பார்த்து நேரம் குறிப்பதில் அர்த்தமில்லை, உங்கள் எட்டு நிமிடம் அவருக்கு இருபது நிமிடம். அவர் எங்கே நிற்கிறார், எங்கே நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர்கள் அமைப்பின் விதிப்படி குடியிருப்புப் பகுதியில் நடைபாதை தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நம்மூர் மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. சில தெருக்களில் அதன் பலன் தெரிகிறது. சில இடங்களில் டிரான்ஸ்ஃபார்மர், பங்க் கடை, வீட்டு வாசல் சரிவு என்று பத்தடிக்கு ஒரு தடை வரும், முழங்கால் வலி உள்ளவர் ஏறி இறங்குவதை விட ரோட்டிலேயே நடந்துவிடலாம் என்று முடிவு செய்துவிடுவார். பைக் ஓட்டுகிறவர்கள் இடிப்பது அங்கேதான். ஒரு டேப் எடுத்துக்கொண்டு வந்து விளிம்பின் உயரத்தை அளந்தாலும் தப்பில்லை.

இரண்டாவது, மெட்ரோ. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் பாதையும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதையும் திருமயிலையில்தான் சந்திக்கின்றன. அதனால்தான் லஸ்ஸைச் சுற்றி ரோட்டைத் தோண்டி இந்தப் பாடு. இன்றைக்குத் திறந்திருக்கும் வழி அடுத்த மாதம் தகரம் வைத்து மூடியிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, லிஃப்ட் உள்ள ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டால், உங்கள் அம்மாவுக்கு அதைப்போல வசதி வேறில்லை. ஆனால் அவருக்கு நடை தேவைப்படுவது இப்போது. ஆகையால் நீங்கள் பார்த்த தெருவிலிருந்து கோயிலுக்குத் தோண்டிய ரோட்டைத் தொடாமல் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் நாகேஸ்வர ராவ் பார்க்கில் என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று வந்து பாருங்கள். தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கும்போது கத்தரிக்காயைப் பற்றி இரண்டு நிமிடம், காய்காரம்மாவின் பேரனைப் பற்றி மூன்று நிமிடம் பேச்சு ஓடும். கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவனில் அடிக்கடி கச்சேரி இருக்கும், வீட்டிலிருந்து நடந்து போய்க் கேட்டுவிட்டு நடந்தே வரலாம். என் மனைவி போய் நான்கு வருடமாகிறது. நான் தனியாக இருந்தும் தனிமை தெரியாமல் இருக்கிறேன் என்றால், அதற்கு இந்தத் தெருக்கள்தான் காரணம்.

பங்குனித் திருவிழா நாட்களில் மாட வீதிகளுக்குள் வண்டி வருவது கஷ்டம், எட்டாம் நாள் அறுபத்து மூவர் அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக வரும் என்று முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வீட்டில் ஒருவன்:

ஆழ்வார்பேட்டையில் இதே மாதிரி ஒரு கட்டடத்தில் இரண்டு வருடம் இருந்தேன், ஆறு வீடு, மூன்றாவது மாடி. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் லிஃப்ட். பெரிய குடியிருப்பில் ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கும். சின்னக் கட்டடத்தில் இருப்பதே ஒன்றுதான். எங்களுடையது ஒருமுறை 11 நாள் நின்றது, பராமரிப்பு ஒப்பந்தத்தை யார் புதுப்பிப்பது என்று இரண்டு ஓனர்களுக்குள் தகராறு. அந்த 11 நாளும் எதிர்வீட்டுத் தாத்தா கீழே இறங்கவே இல்லை, நானும் இன்னொரு பையனும் மாற்றி மாற்றி அவருக்குப் பாலும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எனவே முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கு முதல் மாடிக்கு மேல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு நல்ல காற்று வந்தாலும் சரி. கரன்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டை ஓட்டுமா, இல்லை பொது லைட்டுக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல், மெயினை அணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர். கடல் பக்கத்தில் இருப்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், புதுக் கட்டடத்தில் படியாமல் இருக்கும், அதனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது மேல். மெட்ரோ வாட்டருக்கு (குடிநீர் வாரியத் தண்ணீர்) தனி சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி, இருக்கிறதா, லாரி அந்தத் தெருவுக்குள் திரும்புமா என்பதும் முக்கியம். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் லாரி திரும்பாது, கோடையில் ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

மெயின்டனன்ஸ் 4,000 என்பதற்கு எழுத்தில் கணக்குக் கேளுங்கள். வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட், மோட்டார், துப்புரவு எல்லாவற்றையும் எட்டு வீடுதான் பங்கு போடுகிறது. பொது மின்சாரத்துக்கு 2023-ல் அரசு கொடுத்த கட்டணக் குறைப்பும் லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்குத்தான், உங்களுடையதற்குக் கிடைக்காது. வீட்டுக்குத் தனி இ.பி. இணைப்பா, சப் மீட்டரா என்றும் பாருங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் ஒரு விலை சொல்வார், 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வராது.

எல்லாவற்றையும் விட எங்களைப் படுத்தியது வேறு. ஆறு வீட்டில் இரண்டை ஓனர் நாள் வாடகைக்கு விட்டிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு டிராலி பெட்டி உருளும் சத்தம், மொட்டை மாடியில் பார்ட்டி, கேட் எப்போதும் திறந்தே கிடக்கும். எட்டு வீட்டில் எத்தனை நிரந்தரக் குடித்தனம் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் ரொம்ப அழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் துடைக்கத் துடைக்க வழவழவென்று ஆகும், ஈரக்கால் வைத்தால் வழுக்கும். பாத்ரூம் வாசலில் மட்டுமாவது சொரசொரப்பான பாய் போடுங்கள், சுவரில் பிடிகம்பி மாட்டத் துளை போடலாம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழும்பூர் வாசகி:

அட்வான்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, ஆனால் இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. பத்து மாதம் என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்த வாசல் வழியாகத்தான் அவர்கள் போவார்கள். அதனால் பேசுவதைக் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பதினோரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம் என்று சொல்வார்கள். அது பழைய பழக்கம். இந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். அந்தப் பதிவு எண் இருந்தால்தான் நாளைக்கு ஒரு தகராறு என்று போகும்போது உங்கள் பேச்சு எடுபடும். தகராறைக் காரணம் காட்டித் தண்ணீரையோ கரன்ட்டையோ ஓனர் நிறுத்தவும் கூடாது.

குடி போகும் அன்றே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். சிமென்ட் பூச்சுச் சுவரில் ஒரு கறை இருந்தால் ‘ஸ்பெஷல் பினிஷ்’ என்று சொல்லிப் பெரிய தொகையைக் கழித்ததை என் தங்கை விஷயத்தில் பார்த்தேன்.

சேலத்து மணி:

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், அசைவம் சமைக்கலாமா, விருந்தாளி தங்கலாமா. அந்த ஏரியாவில் மூன்று வீடு எனக்குக் கைக்கு வந்து அந்தக் கேள்வியில் போனது. ஒரு இடத்தில் சாதியே கேட்டார்கள். கட்டடம் புதிதாக இருந்தாலும் கேள்வி பழையதுதான், மனசு கசந்துவிட்டது. உங்களுக்கு அது பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இருக்கும்.

மந்தைவெளி கீதா:

வித்யா, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நடக்கிற வசதிக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பலகைக்கு எதற்குப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நான் இருப்பது மந்தைவெளியில், முப்பது வருடத்துக் கட்டடம், முதல் மாடி, 800 சதுர அடி, 26,000. லிஃப்ட் கிடையாது, 16 படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. பறக்கும் ரயில் திருமயிலைக்கு அடுத்த ஸ்டேஷன். பஸ், மார்க்கெட், மருந்துக்கடை எல்லாம் ஐந்து நிமிடம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் என் மாமியார் தனியாகவே தெப்பக்குளம் வரை போய் வருகிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பாட்டி வீடு சித்திரக்குளம் பக்கம் இருந்தது. அந்த வீட்டில் வசதி என்று ஒன்றுமே இல்லை, ஆனால் திண்ணை இருந்தது. பாட்டி கடைசி பத்து வருடம் எங்கேயும் நடக்கவில்லை, திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார், தெரு அவரிடம் வந்தது. கீரைக்காரி, தபால்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், யாராவது நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள். இப்போது அதே இடத்தில் கட்டுகிற எல்லாவற்றிலும் கீழ்த்தளம் காருக்கு, அதற்கு முன்னால் இரும்பு கேட். தெருவோடு பேச மனுஷருக்கு இடமே வைப்பதில்லை, இது எனக்குப் பெரிய வருத்தம். ஆகவே எந்த வீட்டை எடுத்தாலும் பால்கனி தெருவைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க வீடு அமைதியாக இருக்கும் என்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அமைதி போதுமான அளவு நாவலூரிலேயே கிடைத்துவிட்டது.

மழையையும் கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று புரோக்கரைக் கேட்காமல் இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். ஸ்டில்ட்டில்தான் மீட்டர் போர்டும் மோட்டாரும் சம்ப் மூடியும் இருக்கும்.

நாவலூர் வித்யா:

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை பிரதோஷம் வந்தது, அரை நாள் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கட்டட வாசலிலிருந்து கிளம்பித் தெப்பக்குளத்தின் மேற்குப் பக்கம் வர அம்மாவுக்கு 22 நிமிடம் ஆனது. நான்கு இடத்தில் ரோட்டில் இறங்கினார். ஓரிடத்தில் நடைபாதை விளிம்பை அளந்தேன், 11 அங்குலம். தெப்பக்குளம் சார் சொன்னது சரி, 150 மில்லிமீட்டர் என்றால் ஆறு அங்குலம்தான். தகரத் தடுப்பு ஓரம் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியவில்லை, அங்கே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது வேறு வழியாகப் போய்ப் பார்த்தோம், தூரம் கொஞ்சம் கூட, ஆனால் ஒரே இடத்தில்தான் இறங்க வேண்டியிருந்தது. அந்த வழி எனக்குத் தெரியாது, அம்மாதான் காட்டினார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஸ்கூலுக்குப் போன சந்து.

கோயிலில் கூட்டம் அதிகம், உள்ளே போகவில்லை. வெளியே பூ வாங்கினார். பூக்காரம்மாவிடம் பதினைந்து நிமிடம் பேசினார். மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார். முழங்கால் வரை நின்றதாம், இரண்டு நாளில் வடிந்ததாம்.

கட்டடத்தில் கேட்டேன். எட்டில் மூன்று வீடு நாள் வாடகைக்கு. காலியாக இருப்பது மூன்றாவது மாடியில், பின்பக்கம். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னேன், “அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். அட்வான்ஸை ஐந்து மாதமாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஓனர் உடனே இறங்கி வந்தார், ஆனால் பதிவு என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். அந்த வீட்டை விட்டுவிட்டேன். ரொம்ப அழகான வீடு, கொஞ்சம் வருத்தம்தான்.

கீதா மேடம், உங்கள் பக்கம் இரண்டு நாள் சுற்றினேன். மந்தைவெளியில் அமையவில்லை, ஆனால் அம்மா காட்டிய அந்தச் சந்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருடம் ஆனது, ஒன்பது வீடு, எல்லாம் நிரந்தரக் குடித்தனம், முதல் மாடி, பால்கனி தெருவைப் பார்க்கிறது. ஒரு பெட்ரூம், 560 சதுர அடிதான், 31,000, மெயின்டனன்ஸ் 2,500, அட்வான்ஸ் நான்கு மாதம், பதிவு செய்யவும் சம்மதம். தண்ணீர் உப்புதான், மறைக்காமல் சொன்னார்கள். சைவம், அசைவம் என்று எதுவும் கேட்கவில்லை, மணி. எங்கள் பீரோவும் டைனிங் டேபிளும் உள்ளே போகாது, அதைப் பற்றி அம்மா கவலைப்படவில்லை, எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

காரை இப்போதைக்கு விற்கவில்லை. பறக்கும் ரயிலில் நான்கு நாள் போய்ப் பார்த்தேன். போவது சுலபம், ராத்திரி எட்டரைக்கு மேல் திரும்பும்போது ஸ்டேஷன் வெறிச்சென்று இருந்தது, தனியாகப் படி இறங்கப் பயமாக இருந்தது. ஷிப்ட்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

தெப்பக்குளம்_65:

வித்யா, மகிழ்ச்சி. இரண்டு விஷயம். டைனிங் டேபிளைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய மரச்சாமான் வாங்கும் கடைகள் இருக்கின்றன, முதல் கடை சொல்கிற விலைக்குக் கொடுக்காமல் மூன்று கடையில் கேளுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்த முதல் வாரமே மருந்துக்கடைக்கு அம்மாவே போய் வரட்டும், நீங்கள் கூடப் போகாதீர்கள். நான் காலை ஆறேகால் மணிக்கு நாகேஸ்வர ராவ் பார்க்கில் இருப்பேன், வாசலுக்கு நேர் உள்ளே உள்ள பெஞ்சில் ஆறேழு பேர் உட்கார்ந்திருப்போம், அதில் மூன்று பேர் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் படித்த பெண்கள். எந்த வருடம் படித்தார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், அவர்களிடம் சொல்லி வைக்கிறேன்.

நாவலூர் வித்யா:

கேட்டுவிட்டேன் சார். 1974-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாராம். உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன், அந்த மூன்று பேரில் யாராவது இரட்டைப் பின்னலோடு வாலிபால் ஆடியவரா என்று கேட்கச் சொல்கிறார்.